நான்காவது கியரின் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1934 ஜூன் மாதம் ஜெர்மனியின் மோட்டார் தொழில் சங்கம், பெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளரோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சாமானியன் வாங்கக்கூடிய கார் ஒன்றை அவர் வடிவமைக்க வேண்டும். பின்னால் நின்று நிபந்தனைகளைச் சொன்னவர் ஹிட்லர். விலை 1000 மார்க்குக்குள் அடங்க வேண்டும். புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த ஆட்டோபான் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 100 கி.மீ.க்கு 7 லிட்டர் பெட்ரோல்தான் செலவாக வேண்டும். எஞ்சின் காற்றால் குளிர வேண்டும். கடைசி நிபந்தனையின் காரணம் எளிது. ஷெட் இல்லாதவன் கார் இரவெல்லாம் தெருவில் நிற்கும். அந்த ஊர்க் குளிரில் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் பிளந்துவிடும். காற்று உறையாது.

போர்ஷேயிடம் வேலை பார்த்த ரைம்ஸ்பீஸ், இரண்டு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினை வரைந்தார். 985 சி.சி., 23.5 குதிரைத்திறன். நம் ஊர் மோட்டார் சைக்கிள் சிலவற்றில்கூட இன்று இதைவிட அதிகம் உண்டு! இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க 100 கி.மீ. வேகத்தில் எப்படிப் போவது? வேகமாகச் சுற்றவிட்டால் சின்ன எஞ்சின் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

விடை கியர்ப்பெட்டியில் இருந்தது. ஆரம்பகாலக் கார்களில் நான்காவது கியரின் விகிதம் 0.80. அதாவது எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு ஐந்து சுற்று சுற்றும். பின்னால் கிரவுன் பினியன் 4.43 மடங்கு குறைக்கும். கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றைக்கூடத் தொடாது. கார்ப்பரேட்டரும் காற்று உள்ளே போகும் வழியும் வேண்டுமென்றே சிறியவை. முழுதாக மிதித்தாலும் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ள முடியாத எஞ்சின். உச்ச வேகம்தான் பயண வேகமும் என்று பின்னாளில் அந்த நிறுவனம் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்தது இதுதான்.

காருக்காக வாரம் 5 மார்க் தபால்தலை மாதிரி ஒட்டிச் சேமித்தவர்கள் சுமார் 3,36,000 பேர். போர் முடியும்வரை அவர்களில் ஒருவர் கைக்கும் கார் வரவில்லை. தொழிற்சாலை போருக்குப் போனது. அங்கே ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலை செய்தார்கள். இந்தக் காரின் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. 1945க்குப் பிறகு அதைத் தூக்கி நிறுத்தியவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர்.

1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில் போர்ஷேயின் மகன் பெர்ரி, அதே வண்டுக் காரின் உறுப்புகளை வைத்து 356 என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார். 1954இல் அமெரிக்க விற்பனையாளர் மாக்ஸ் ஹாப்மன் நச்சரித்ததால் அதில் மலிவான, கூரை மடங்கும் ஸ்பீட்ஸ்டர் வந்தது. அன்று 3000 டாலருக்குள். இன்று அசல் வண்டி லட்சக்கணக்கான டாலர். அதனால்தான் நகல் கார்கள். வண்டுக் காரின் அடித்தட்டில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2400 மி.மீ.; 356க்கு 2100. நடுவில் 300 மி.மீ. வெட்டி எடுத்து ஒட்டி, மேலே ஃபைபர் கிளாஸ் உடலை வைத்துவிடுவார்கள். நகல்தான், ஆனால் சொந்தத்துக்குள்ளேயே நடந்த கல்யாணம்!

நம் பள்ளியில் படித்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர் இப்படியொரு நகலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகம். என்ன எஞ்சின், என்ன கியர் என்று கேட்டிருந்தார். மற்றவர்களுக்கும் கணக்குப் பாடமாக இருக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

165/80 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.03 மீட்டர் உருளும். 110 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 905 சுற்று. பிற்கால நான்காவது கியர் 0.89, கிரவுன் பினியன் 4.375 என்றால் எஞ்சின் சுமார் 3520 சுற்று. அதே கியரோடு 3.875 போட்டால் 3120. அதற்கும் மேலே போய் 0.82 கியரையும் சேர்த்தால் 2870. சத்தம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும் என்று அவர் மனம் கடைசிக் கணக்கில் நிற்கிறது.

இங்கேதான் யோசிக்க வேண்டும், தம்பி. காற்றை ஊதும் விசிறி பெல்ட் வழியாக எஞ்சினோடு கட்டப்பட்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மேட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே முழுச் சுமை இழுத்தால், சூடு பிறக்கும், அதைக் கொண்டுபோகும் காற்று போதாது. பெரிய கியரில் சைக்கிளை மேட்டில் மிதித்துப் பாருங்கள், தொடை சொல்லும். மேலும் மூன்றாவது கியர் 1.26. அதில் 3600 சுற்றில் மாற்றினால் 0.89இல் 2540க்கு இறங்கும், 0.82இல் 2340க்கு. 1600 சி.சி. எஞ்சின் அங்கே திணறும். 30 குதிரைத்திறன்கூட இல்லாத வண்டிக்கு 0.80 போதுமாயிருந்ததே என்பீர்கள். அன்றைய கிரவுன் பினியன் 4.43 என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

என் யோசனை: 90.5 மி.மீ. பிஸ்டன் போட்ட 1776 சி.சி. எஞ்சின், 3.875 கிரவுன் பினியன், 0.89 நான்காவது கியர். 0.82 வேண்டுமென்றால் 2 லிட்டருக்கு மேல் இழுவையுள்ள எஞ்சின் வேண்டும். 1968இல் 411 மாடலோடு வந்த அலுமினிய உடல் எஞ்சின் இன்னும் திடமானது, போர்ஷே 914இலும் அதுதான். ஆனால் செலவு கூடும். எதை எடுத்தாலும் ஆயில் கூலரைப் பாருங்கள். பழைய அமைப்பில் அது மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. அந்தச் சிலிண்டர்தான் மற்றவற்றைவிட அதிகம் சூடாகும். 1971 மாடலில் கூலரைத் தனி அறைக்கு நகர்த்தினார்கள். பழைய எஞ்சின் கிடைத்தால் அதை மாற்றிவிடுங்கள். ஆயில் சூடு காட்டும் மீட்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகத்துக்குக் கவலை வேண்டாம். கடைசி வண்டு 2003 ஜூலை 30இல் மெக்சிகோவின் புவெப்லாவில் இறங்கியபோது மொத்த எண்ணிக்கை 2,15,29,464. காற்றால் குளிரும் அந்த எஞ்சின் அதற்குப் பிறகும் பிரேசிலில் கோம்பி வேனின் பின்பக்கத்தில் 2005 டிசம்பர் வரை வந்துகொண்டிருந்தது.