நெருப்பு தணிந்தபின் நனைந்த செங்கல்

அமெரிக்காவின் வடகிழக்கே, பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், இருநூறு முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள மரவீடுகள் இன்றும் நிற்கின்றன. பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. வீடு முழுக்க மரம். நடுவே எழும் புகைபோக்கி மட்டும் செங்கல். தமிழர்களில் பலர் புகைபோக்கி வைத்த வீடுகளை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நுவரெலியாவிலோ வெள்ளையர் கட்டிய பங்களாக்களில் பார்த்திருப்பார்கள். அங்கே அது கூரைக்கு ஓர் அழகு. நியூ இங்கிலாந்தின் குளிரில் ஒரு காலத்தில் அது இல்லாமல் குடித்தனமே இருந்ததில்லை. அந்தப் புகைபோக்கிகள் இன்று கூரைக்கு மேலே செதில் செதிலாக உதிர்கின்றன. காரணம் கேட்டால் பனி, முதுமை என்று இரண்டு சொல்லில் பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. உறைபனி செங்கல்லை உடைப்பது உண்மை. ஆனால் உடையும் அளவுக்குச் செங்கல்லில் ஈரம் ஏறியது எப்படி என்பதை அது விளக்கவில்லை. புகைபோக்கியைக் காத்துவந்தது அதற்குள் எரிந்த நெருப்பு என்பது என் வாதம். விறகிலிருந்து நிலக்கரிக்கும், எண்ணெய்க்கும், எரிவாயுவுக்கும் வீடுகள் மாற மாற, அந்தச் செங்கல் தூண் சூடிழந்து உள்ளிருந்தே நனையத் தொடங்கியது. பழுதுபார்க்க வந்தவர்கள் குற்றத்தை வெளியே தேடினார்கள், சிமென்ட்டால் அடைத்தார்கள், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டது.

முதலில் குடியேறியவர்களிடம் செங்கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மரக்கட்டைகளை அடுக்கி உள்ளே களிமண் அப்பிய புகைபோக்கி, மேலே புல் வேய்ந்த கூரை, இவ்வளவுதான் வீடு. களிமண் உலர்ந்து உதிர்ந்த இடத்தில் கட்டை தீப்பற்றும். 1631 மார்ச் மாதம் பாஸ்டனில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் பிடித்த தீ கூரைக்குத் தாவி வீட்டை அழித்தது. அதன் பிறகு, ஆற்றுக்கு அக்கரையில் எழவிருந்த புதிய ஊரில் மரப் புகைபோக்கியும் புல்கூரையும் கூடாது என்று குடியேற்றத்தின் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். அந்தப் புதிய ஊர்தான் இன்றைய கேம்பிரிட்ஜ். ஆக, செங்கல் புகைபோக்கி அங்கே வந்தது தீயைத் தடுக்க. மழையையும் பனியையும் அது எப்படித் தாங்கும் என்ற கவலை அப்போது பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கு வீட்டின் அமைப்பே பொறுப்பேற்றது. தெற்கே வர்ஜீனியாவில் கோடை வெப்பம் வீட்டுக்குள் தங்கக்கூடாது என்று புகைபோக்கியைப் பக்கச் சுவருக்கு வெளியே தள்ளிக் கட்டினார்கள். வடக்கே அதை வீட்டின் நடுவில் நட்டு, சுற்றிலும் அறைகளை வைத்தார்கள். டெடம் ஊரில் உள்ள ஃபேர்பேங்க்ஸ் வீடு 1637க்கும் 1641க்கும் இடையில் எழுந்தது. வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது. அதுவும் இப்படி நடுப் புகைபோக்கியைச் சுற்றி அமைந்த வீடுதான். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் நெருப்பு, கோடையிலும் சமைக்கும் நெருப்பு என்று அந்தச் செங்கல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தது. மழையில் நனைந்தாலும் ஓரிரு நாளில் உலர்ந்துவிடும்.

கட்டியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்பதற்கு அவர்கள் பயன்படுத்திய சாந்தே சாட்சி. குடியேற்றக் காலத்தில் சுண்ணாம்புக்குக் கடும் தட்டுப்பாடு. கடற்கரையில் கிடைத்த சிப்பிகளைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதனால் கூரைக்குக் கீழே உள்ள பகுதி முழுவதையும் வெறும் களிமண் குழைத்துக் கட்டினார்கள். கூரையைத் தாண்டி வெயிலும் மழையும் படும் உச்சிப் பகுதிக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து. செங்கல்லிலும் இதே கணக்கு உண்டு. சூளையில் நெருப்புக்கு அருகே இருந்து நன்றாக வெந்த கல் வெளிமுகத்துக்கு. அரைவேக்காடாக இளஞ்சிவப்பில் வந்த மென்மையான கல் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாத இடத்துக்கு. இது ஏமாற்று வேலை அன்று. உள்பகுதிக்குத் தண்ணீரே வராது என்ற உறுதியில் செய்த சிக்கனம். கூரையை ஒட்டிய இடத்தில் ஒன்றிரண்டு வரிசைக் கற்களைச் சற்று வெளியே நீட்டி வைத்து, வழியும் நீர் சந்துக்குள் புகாமல் கூரைமேல் சொட்டச் செய்தார்கள். மழைக்கு எதிராக அவர்கள் எடுத்த ஏற்பாடு ஏறக்குறைய அவ்வளவே. பின்னாளில் மேய்ன் மாநிலத்தின் ராக்லாந்து, தாமஸ்டன் சூளைகளிலிருந்து சுண்ணாம்பு பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறி வந்தபோது முழுப் புகைபோக்கியையும் சுண்ணாம்பில் கட்ட முடிந்தது. அந்தக் கப்பல்களுக்குப் பெரிய எதிரி கடல்நீர்தான். நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துச் சூடேறிக் கப்பலே எரிந்துபோகும். அவ்வளவு ஆபத்தைத் தாங்கிக் கொண்டுவந்த சரக்கு அது என்பதை நினைத்தால், பழைய கொத்தனார்கள் ஏன் அதை அளந்து அளந்து செலவழித்தார்கள் என்பது புரியும்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சிக்கனம் பற்றிய இன்னொரு அறிவு. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடுகிறது. இதை முதலில் கணக்கெடுத்தவர்களில் இருவர் இதே மண்ணில் பிறந்தவர்கள். பாஸ்டனில் பிறந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740களில் இரும்பு அடுப்பை வடிவமைத்தார். பக்கத்து ஊரான வூபர்னில் பிறந்து, பின்னர் ஐரோப்பாவில் ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்ப்சன், கணப்பின் தொண்டையைக் குறுக்கி வெப்பத்தை அறைப்பக்கம் திருப்பும் முறையை 1796இல் எழுதி வெளியிட்டார். மனிதர்களுக்கு இது பெரும் நன்மை, காடுகளுக்கும் நன்மை. ஆனால் அன்றுமுதல் மிச்சம் பிடித்த வெப்பமெல்லாம் புகைபோக்கியிடமிருந்து பிடுங்கிய வெப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணப்பை அடைத்து அதன் முன் மூடிய இரும்பு அடுப்பை வைத்தார்கள். ஆள் நுழையும் அகலத்துக்குக் கட்டிய பழைய புகைவழிக்குள் ஒரு சிறு தகரக்குழாய் மட்டும் புகையை விட்டது. அத்தனை அகலத்தில் மெல்ல ஏறும் புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, நீராகவும் தாராகவும் செங்கல்லில் படிந்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரி வந்தபோது கந்தகமும் சேர்ந்து வந்தது. கந்தகப் புகை ஈரத்தோடு கலந்தால் அமிலம். அது சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக மாற்றும். சிமென்ட்டிலோ அது வேறு உப்பாக வளர்ந்து, கற்களுக்கு இடையே சாந்து நிரம்பிய சந்துகளை உப்பச் செய்யும். மழை அடிக்கும் பக்கம் அதிகம் உப்பி, உலர்ந்த பக்கம் அப்படியே இருக்க, தூண் முழுவதும் ஒருபக்கமாக வளைந்து நிற்பதைப் பழைய தெருக்களில் காணலாம்.

கடைசி அடி எரிவாயுவிடமிருந்து வந்தது. எரிவாயு சுத்தமானது, புகையில்லாதது என்பதால் புகைபோக்கிக்கு இனிக் கவலையில்லை என்று பலர் நினைத்தார்கள். வேதியியல் வேறுவிதமாகச் சொல்கிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ நீராவி பிறக்கும். அந்த நீராவியைச் சூடாக வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தைத்தான் புதிய கருவிகள் மிச்சம் பிடிக்கின்றன. எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 78 சதவீதமாவது வீட்டுக்குப் பயன்பட வேண்டும் என்று 1992 முதல் அமெரிக்க அரசு வெப்ப உலைகளுக்கு விதி வைத்தது. 90 சதவீதத்தைத் தாண்டிய உலைகள் புகைபோக்கியையே நாடுவதில்லை. பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சுவரில் துளையிட்டுப் புகையை விடுகின்றன. அப்போது பழைய புகைவழியில் மிஞ்சுவது தண்ணீர் சூடாக்கும் சிறு கருவியின் மூச்சு மட்டும். இத்தனை பெரிய செங்கல் குழலைச் சூடாக்க அதற்கு வலுவில்லை. ஏறும் ஆவி முழுவதும் குளிர்ந்து சுவரில் வடிகிறது. களிமண்ணில் கட்டிய உள்பகுதி கரைகிறது. மாடி அறையின் சுவரில், மழையே தொட முடியாத இடத்தில், பழுப்புக் கறையும் உப்புப் பூத்தலும் தெரிகின்றன. பனியும் முதுமையும்தான் காரணம் என்பவர்கள் இந்தக் கறைக்கு விளக்கம் தர வேண்டும்.

நனைந்த செங்கல்லைத் தேடி வந்த மருந்து சிமென்ட். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லாண்டு சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் டேவிட் சேலர் பென்சில்வேனியாவில் அதைச் செய்து 1871இல் காப்புரிமை எடுத்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் களத்தைவிட்டு ஒதுங்கியது. கொத்தனார்களைக் குறைசொல்வது எளிது, நியாயமாகாது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உறைபனி விழுந்தால் உழைப்பு வீண். நவம்பரில் குளிர் தொடங்கும் ஊரில், கூரைமேல் சாரம் கட்டி நிற்பவனுக்கு மறுநாளே இறுகும் சாந்து வரமாகத்தான் தெரிந்திருக்கும். வலிமை அதிகம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. இன்றைய அமெரிக்கத் தரப்பட்டியலில் மிகக் கடினமான சிமென்ட் சாந்து சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு அழுத்தம் தாங்கும். சுண்ணாம்பு மிகுந்த கலவைக்கு 350 பவுண்டுதான். பெரிய எண் நல்ல எண் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பழைய புகைபோக்கியில் சாந்தின் வேலை சுமை தாங்குவது மட்டும் அன்று. செங்கல்லில் ஏறிய ஈரம் வெளியேறும் வழி அந்தச் சந்துதான். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிறு வெடிப்பு விழுந்தால் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அதை மூடும். வெயிலில் செங்கல் விரிந்தால் விட்டுக்கொடுக்கும். தேயவேண்டி வந்தால் தான் தேயும், கல்லைத் தேயவிடாது. அந்தச் சந்தைச் சிமென்ட்டால் அடைத்தபின் ஈரத்துக்குச் செங்கல்லின் முகத்தைத் தவிர வேறு வழியில்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். பாஸ்டனின் ஜனவரி சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான்; பகலில் உருகுவதும் இரவில் உறைவதுமாகவே குளிர்காலம் போகும். மாதக்கணக்கில் உறைந்தே கிடக்கும் ஊரைவிட இந்த ஊசலாட்டம் செங்கல்லுக்குக் கொடியது. முகம் பெயர்ந்ததும் உள்ளிருக்கும் மென்மையான கல் வெளிப்பட்டு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. சுற்றிலும் சிமென்ட் கோடுகள் கூடுபோல் நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோன காட்சி இப்படி வந்ததே.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. அந்தக் காலத்துப் புகைபோக்கிகளும் உதிர்ந்தன, கூரைக்கு மேற்பட்ட பகுதியைத் தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக் கட்டினார்கள், இன்று எஞ்சியிருப்பவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே என்பது ஒன்று. உண்மைதான், உச்சி என்றைக்குமே தேயும் பகுதி. பதினேழாம் நூற்றாண்டின் உச்சிக் கற்கள் அப்படியே இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. என் சான்று கூரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே பனி கிடையாது, மழை கிடையாது, களிமண் சாந்து தலைமுறை தலைமுறையாக நின்றது. அது இப்போது கரைகிறது என்றால் ஈரம் உள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். சிமென்ட்டில் கட்டிய எத்தனையோ புகைபோக்கிகள் நன்றாகத்தானே நிற்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. நிற்கின்றன, ஐயமில்லை. அவை கடினமாக வெந்த இயந்திரச் செங்கல்லால் கட்டியவை. உள்ளே சுட்ட களிமண் குழாய் செருகியவை. அந்தக் கல்லுக்கு அந்தச் சாந்து பொருந்தும். குற்றம் சிமென்ட்டில் இல்லை, பொருந்தாத கல்லோடு அதைச் சேர்த்ததில் இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவை 1970களில் வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்புகள் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்றே வற்புறுத்துகின்றன. தூய சுண்ணாம்பு உச்சியின் குளிரைத் தாங்காது என்று அஞ்சுபவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. அதற்காக முழுச் சிமென்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற நடுவழிக் கலவை இருக்கிறது. நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பும் இருக்கிறது.

சாந்தை மாற்றுவதற்குப் பதில் முழுத் தூணுக்கும் நீர்புகாப் பூச்சு அடித்துவிடலாமே என்ற யோசனை இன்று அதிகம் விலைபோகிறது. மேலே படலமாக மூடும் பூச்சு, சிமென்ட் செய்த தவற்றையே இன்னும் முழுமையாகச் செய்யும். ஆவியை வெளியே விட்டு மழைநீரை மட்டும் தடுக்கும் சிலேன் வகைப் பூச்சுகள் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லாதவை. ஆனால் உள்ளே நீர் வடிந்துகொண்டிருக்கும்போது வெளியே எதைப் பூசினாலும் நோய் தீராது. மழைக்கு எதிராக உண்மையில் பயன் தருபவை பழைய, எளிய வேலைகள்: கூரையும் செங்கல்லும் சேரும் இடத்தில் படிப்படியாக மடித்துச் செருகிய ஈயத் தகடு, உச்சியில் நாற்புறமும் வெளியே நீட்டி, நீர் சொட்டிப்போக அடியில் பள்ளம் விட்ட மூடி, குழலின் வாய்க்கு மேல் ஒரு தொப்பி. பயன்பாட்டில் இல்லாத புகைவழியின் இரு முனைகளையும் அடைப்பது பெருந்தவறு. மேலே தொப்பிக்கு அடியிலும் கீழே கணப்பின் வாயிலும் காற்று போக வழி விட்டாலே பாதி ஈரம் போய்விடும்.

இத்தனையிலும் நான் முதலில் வைப்பது வேறொன்றை. எரிவாயுக் கருவி இன்னும் அந்தப் புகைவழியைப் பயன்படுத்தினால், அதன் அளவுக்கேற்ற உலோகக் குழாயை உள்ளே இறக்கியாக வேண்டும். அது இல்லாமல் சிமென்ட்டை நோண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைத்தாலும் பத்துப் பதினைந்து குளிர்காலத்தில் மறுபடி சாரம் கட்ட நேரும். கூரைக்கு மேற்பட்ட பகுதியை இடித்துத் தகடு போட்டு மூடிவிடுவது மலிவு என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். ஒரு வீட்டில் முந்நூறு ஆண்டுகள் எரிந்த நெருப்பின் அடையாளம் ஒரு நாள் வேலையில் போய்விடுகிறது. அந்த முடிவுக்கு வருமுன் வீட்டுக்காரர் ஒன்று செய்யலாம்: பழுதுபார்க்க வருபவரைக் கூரைக்கு ஏற்றுமுன் நிலவறைக்கு அழைத்துப்போய், அங்கே எரிவது எது, அதன் புகை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் காட்டட்டும்.