எகிப்தில் வக்ஃபும் மிம்பரும்



ஜும்ஆ நாளில் மிம்பரில் ஏறும் கத்தீபின் கையிலுள்ள உரையை எழுதியவர் யார்? 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் எகிப்து நாட்டில் இக்கேள்வி எழுந்தது. நாடெங்கும் ஒரே குத்பாவை, தாளில் எழுதித் தரப்பட்டவாறே வாசிக்க வேண்டுமென்று அந்நாட்டு வக்ஃபு அமைச்சகம் அறிவித்தது. அன்றைய ஆட்சியின் கெடுபிடி என்றே பலர் இதனைக் கருதினர். ஆனால் இதன் வேர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது.

குத்பாவில் பெயர் சொல்லப்படுவது ஆட்சியுரிமையின் அடையாளமாகவே முற்காலத்தில் மதிக்கப்பட்டது. டமாஸ்கஸின் கத்தீபாயிருந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்), சிலுவைப் படையினருக்குக் கோட்டைகளை விட்டுக்கொடுத்த மன்னர் ஸாலிஹ் இஸ்மாயீலின் பெயரைக் குத்பாவிலிருந்து நீக்கினார். பதவி பறிபோயிற்று, சிறையும் நேர்ந்தது. பின்னர் எகிப்துக்குச் சென்றார். அங்கே மதிப்போடு வரவேற்கப்பட்டார்.

மன்னர்கள் கத்தீபை நீக்க வல்லவர்களாயிருந்தனர். ஆயினும் பள்ளிவாசலின் விளக்குக்கு எண்ணெயும், முஅத்தினுக்குச் சம்பளமும், அஸ்ஹரின் மாணவர்களுக்கு ரொட்டியும் ஆண்டுதோறும் மன்னரின் கருணையை எதிர்பார்த்து நிற்கவில்லை. யாரோ ஒரு வணிகரோ, அமீரோ, சீமாட்டியோ அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலத்தின் விளைச்சலும் கடைகளின் வாடகையுமே அவற்றைத் தாங்கின. யாருக்கு எவ்வளவு என்பதை வக்ஃபு சாசனமே வரையறுத்தது. நம் ஊர்களில் முதவல்லி என்போமே, அத்தகைய நாஸிர் அதனை நிர்வகித்தார்.

இனி 1805ஆம் ஆண்டுக்கு வாருங்கள். உஸ்மானிய ஆளுநரின் கொடுமை தாளாத கெய்ரோ மக்கள் திரண்டெழுந்தனர். ஸையித் உமர் மக்ரமும், அன்றைய ஷைகுல் அஸ்ஹர் அப்துல்லாஹ் ஷர்காவியும் முன்னின்று முஹம்மது அலீக்கு ஆளுநரின் அங்கியை அணிவித்தனர். உலமாக்களின் கையால் அரியணை ஏறியவர் நான்கே ஆண்டுகளில் அக்கையையே தட்டிவிட்டார். வக்ஃபு நிலங்களுக்கும் வரி விதிக்க முற்பட்டபோது உமர் மக்ரம் எதிர்த்து நின்றார். 1809இல் அவர் திம்யாத் நகருக்கு நாடு கடத்தப்பட்டார். சக உலமாக்கள் சிலரே பாஷாவின் பக்கம் சாய்ந்தனர் என்பது அக்காலத்து வரலாற்றாசிரியர் ஜபர்த்தியின் ஏட்டில் பதிவாகியுள்ள வேதனை. அவரைத் தனித்து விட்டபோது தங்களையும் தனித்து விட்டுக்கொள்கிறோம் என்பதை அவர்கள் உணரவில்லை. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் நிலங்கள் அளக்கப்பட்டன. பள்ளிவாசல்களுக்கும் அறப்பணிகளுக்கும் உரிய விளைநிலங்களில் பெரும்பகுதி அரசின் வசமாயிற்று. இழப்பீடாகச் சொல்லப்பட்ட தொகையோ அற்பம்.

எனினும் வக்ஃபு அழிந்துவிடவில்லை. மக்கள் மீண்டும் மீண்டும் வக்ஃபு செய்தனர். 1913இல் அதற்கெனத் தனி அமைச்சகமே அமைந்தது. இறுதி அடி 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் விழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த சில நாட்களிலேயே, குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. மறு ஆண்டில் அறப்பணி வக்ஃபுகள் அமைச்சகத்தின் பொறுப்புக்குச் சென்றன. 1956 தொடக்கத்தில் ஷரீஅத் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. டுனீசியாவிலும் அதே 1956இல் பொது வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன.

இதில் நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வக்ஃபுச் சொத்தைத் தம் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்ட நாஸிர்கள் எகிப்தில் ஏராளமாக இருந்தனர். இடிந்து கிடந்த கடைகளையும், பங்காளிகளின் முடிவுறாத வழக்குகளையும் காட்டியே அரசு தன் செயலை நியாயப்படுத்தியது. மக்களும் பெரிதாகக் கண்ணீர் வடிக்கவில்லை. காவலனே களவாடிய வீட்டுக்குள் அரசு நுழைவது எளிதாயிற்று.

1961இல் அஸ்ஹர் மறுசீரமைப்புச் சட்டம் பிறந்தது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை ஆகிய துறைகள் வந்தன. பெண்களுக்கும் கல்லூரி திறக்கப்பட்டது. இவை நன்மைகள்தாம். கூடவே, ஷைகுல் அஸ்ஹரை நியமிப்பது குடியரசுத் தலைவரின் அதிகாரமென எழுதப்பட்டது. மன்னராட்சியிலும் அரண்மனையின் கை அதில் இருந்ததுண்டு. ஆனால் இப்போது ஊதியம், பாடத்திட்டம், பதவி யாவும் ஒரே வாசலிலிருந்து வந்தன.

விளைவு என்னவென்று பாருங்கள். இஸ்ரேலுடன் சமாதானம் கூடாதென்று 1956இல் அஸ்ஹரின் ஃபத்வாக் குழு கூறியது. 1979இல் அன்வர் சதாத் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டபோது, அது கூடுமென்று அஸ்ஹர் கூறியது. காலச் சூழலைக் கண்டு உலமாக்கள் உண்மையாகவே கருத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஊதியம் தருபவரின் முடிவும் ஃபத்வாவும் ஒன்றாகவே அமையும்போது, நல்லெண்ணம் கொண்டவர் உள்ளத்திலும் ஐயம் எழாதிருக்குமா?

2011ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் காற்று சற்றே மாறி வீசியது. 2012இல் மூத்த உலமாக்களின் பேரவை மீண்டும் உயிர்பெற்றது. ஷைகுல் அஸ்ஹரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது. மறுபுறம், 2014இல் அமைச்சகத்தின் அனுமதியின்றிக் குத்பா ஓதுவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. வாராந்தரக் குத்பாவின் தலைப்பும் அமைச்சகத்திலிருந்தே அனுப்பப்படலாயிற்று.

அந்தப் பேரவைதான் 2016 ஜூலை இறுதியில் எழுதித் தரப்படும் குத்பாவை ஒருமனதாக நிராகரித்தது. தாளைப் பார்த்து வாசிப்பது கத்தீபின் சிந்தனையைச் சுருக்கிவிடும். காலப்போக்கில் மார்க்கத்தைத் திரித்துரைப்போருக்கு விடையளிக்க இயலாதவராய் அவரை ஆக்கிவிடும் என்பது பேரவையின் கவலை. அமைச்சகம் இறங்கிவந்து, எழுதிய உரை கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்றது. தலைப்பு மட்டும் அடுத்த ஜும்ஆவுக்கும் அமைச்சகத்திலிருந்தே வந்தது.