மரம் சொன்ன கதை

தேவிபட்டினம் போனவர்கள் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்திருப்பார்கள். ராமர் நிறுவிய நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். குறையைச் சொல்லி அழ வந்த எத்தனை பேரைப் பார்த்திருக்கும்! அந்த ஒன்பது கற்களுக்கும் வாய் இருந்தால்...? தமிழ்ச் சிறுகதையின் ஆரம்ப காலத்தில் ஒருவர் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தார். கல்லுக்குப் பதில் மரம்!

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-ல் வெளிவந்தது. அதற்கு முன்பு 1879-ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் நாயகனே தன் கதையைச் சொல்கிறான். என்ன ஆபத்து வந்தாலும் ஆள் பிழைத்துவிடுவான் என்று வாசகனுக்குத் தெரியும். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் (1893-95) எல்லாம் அறிந்த ஆசிரியர் பேசுகிறார். அரசமரம் இந்த இரண்டு ரகமும் இல்லை. குளத்தங்கரைக்கு வருபவர்களைப் பார்க்கும், பேசுவதைக் கேட்கும். அவ்வளவுதான்.

ருக்மிணியின் அப்பா அர்பத்நாட் கம்பெனியில் போட்ட பணத்தை இழக்கிறார். (1906-ல் சென்னையில் நிஜமாகவே திவாலான கம்பெனி இது. மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்ததற்கு அந்த அடிதான் காரணம்.) பணம் போனதும் புகுந்த வீட்டார் மாறிவிடுகிறார்கள். கணவன் நாகராஜனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். அவனும் தலையாட்டுகிறான். ஆனால் கடைசி நிமிடத்தில் மறுத்துவிட்டு எல்லோரையும் திகைக்க வைப்பதுதான் அவன் திட்டம். இதை மரத்தடியில் நண்பனிடம் சொல்கிறான். ருக்மிணியிடம் மட்டும் சொல்லவில்லை!

மரத்துக்கு இப்போது எல்லாம் தெரியும். வாசகனுக்கும் தெரியும். அதே மரத்தடிக்கு ருக்மிணி வந்து கலங்கி நிற்கும்போது, யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. மரத்தால் முடியாது, படிப்பவனாலும் முடியாது. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

ருக்மிணியே சொல்லியிருந்தால் இது ஒரு துரோகக் கதை. நாகராஜன் சொல்லியிருந்தால் பாவமன்னிப்பு மாதிரி ஆகியிருக்கும், அவன் மேல் இரக்கம்கூட வந்திருக்கும். மரம் சொல்வதால் வாசகனும் அந்தக் கரையில் ஒரு சாட்சியாக, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்.

படித்துறை கதை சொல்வதாக ஒரு சிறுகதையை தாகூர் 1884-லேயே வங்காளத்தில் எழுதிவிட்டார். ஐயருடையது அதன் தழுவல் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டுமே. அர்பத்நாட் கம்பெனியும், மனைவிக்குத் தெரியாமல் நாகராஜன் ஆடிய அந்த விளையாட்டும் வங்காளப் படித்துறையில் கிடையாது.