கறிக்கோழித் தீவனமும் குடல் பாக்டீரியாக்களும்

கறிக்கோழித் தீவனத்தின் வரலாறு பெரும்பாலும் எடைக் கணக்காகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ இறைச்சி என்பதே அதன் கேள்வி. ஆனால் தீவனத் தொட்டியில் கொட்டப்படும் தானியத்தைக் கோழி மட்டும் உண்பதில்லை. அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் பங்கு கேட்கின்றன. எந்தத் தானியம் எந்தப் பாக்டீரியாவை வளர்க்கிறது என்ற கேள்வி, தீவனத்தில் கலக்கப்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளால் நெடுங்காலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

மருந்து தீவனத்துக்குள் வந்தது

1940களில் அமெரிக்கக் கோழித் தீவனத்தில் மீன் தூளுக்கும் இறைச்சித் தூளுக்கும் பதிலாக மலிவான சோயா புண்ணாக்கைச் சேர்க்க முயன்றனர். சோயா மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. அதில் இல்லாத சத்து பின்னர் வைட்டமின் பி12 என்று அறியப்பட்டது. அதற்கு மலிவான மூலம் தேடிய தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் ஆகியோர் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில், ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் எஞ்சிய நொதிக்கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பி12 தரக்கூடிய வளர்ச்சியைவிட அவை கூடுதலாக வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த மருந்தே காரணம் என்பது பிறகு தெளிந்தது. 1950இல் இது அறிவிக்கப்பட்டது. 1951இல் தீவனத்தில் மருந்து கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. இதே போன்ற விளைவை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1946இலேயே ஸ்ட்ரெப்டோமைசின் கொண்டு கண்டிருந்தார்கள். அது வணிகப் பயனுக்கு வரவில்லை.

மருந்து எப்படி எடை கூட்டியது என்பதற்கு முக்கியமான விடை இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து வந்தது. மேரி கோட்ஸ் குழுவினர் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பெனிசிலின் கொடுத்தனர். அவற்றின் வளர்ச்சி கூடவில்லை. 1963இல் வெளியான இந்த முடிவின்படி, மருந்து குஞ்சின் உடலை நேரடியாக வளர்க்கவில்லை. குடல் பாக்டீரியாக்களின் வழியாகவே வேலை செய்தது. கோழி ஊட்டவியலின் போக்கையே திருப்பியிருக்க வேண்டிய முடிவு இது. மருந்து மலிவாகக் கிடைத்ததால் அந்தத் திருப்பம் தள்ளிப்போனது.

பசைத்தன்மை

அதே காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் வேறொரு சிக்கல் ஆராயப்பட்டது. பார்லி தின்ற குஞ்சுகள் ஒட்டிப்பிடிக்கும் ஈர எச்சமிட்டன, கூளம் நனைந்தது, எடையும் ஏறவில்லை. பார்லியை நீரில் ஊறவைத்தாலோ நொதி சேர்த்தாலோ நிலைமை சீரடைவதை 1957இல் காட்டினர். பார்லியிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் நீரில் கரைந்து குடலில் கஞ்சிபோல் கெட்டியாகிவிடும். ரை தானியத்திலும் கோதுமையிலும் அரபினோசைலான் இதே வேலையைச் செய்கிறது. ரை கலந்த தீவனத்தில் மருந்து சேர்த்தபோது குஞ்சுகள் நன்றாகத் தேறின. ஆகவே கேடு முழுவதும் தானியத்தால் நேர்வதல்ல, அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்தது.

சாதாரணமாகக் கோழியின் குடலில் இரை சில மணி நேரத்தில் கடந்துவிடும். எனவே சிறுகுடலில் பாக்டீரியா குறைவாகவும், குருட்டுக்குடல் பைகள் இரண்டில் மிக அடர்த்தியாகவும் இருக்கும். இரை கெட்டிப்பட்டால் நகர்வு தாமதமாகும். செரிமான நொதிகள் மாவுச்சத்தை எட்டா. செரிக்காத மிச்சத்தை உண்டு பாக்டீரியாக்கள் சிறுகுடலிலேயே பெருகும். அவற்றில் சில பித்த உப்பையும் சிதைப்பதால் கொழுப்பு உறிஞ்சப்படுவது குறையும். ஆஸ்திரேலியாவில் மிங்கன் சாக்ட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. கரையும் நார் சேர்த்தபோது சிறுகுடலில் நொதித்தல் மிகுந்தது. நொதி சேர்த்ததும் அங்கே குறைந்து குருட்டுக்குடலில் கூடியது. குருட்டுக்குடலில் நொதித்தலால் உருவாகும் பியூட்டிரிக் அமிலம் குடற்சுவருக்கு உணவாகிறது. ஒரே நொதித்தல் ஓரிடத்தில் இழப்பு, மற்றோரிடத்தில் வரவு.

மருந்து விலகியபோது

தீவன மருந்துகளால் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமிகள் உருவாவதை 1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு எச்சரித்தது. ஸ்வீடன் 1986இல் வளர்ச்சி ஊக்கி மருந்துகளைத் தடைசெய்தது. கோழிப்பண்ணைகளில் எழுந்த பெரும் அச்சம் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் உண்டாக்கும் குடல் அழுகல் நோயைப் பற்றியது. மருந்தின் நிழலில் அடங்கிக் கிடந்த நோய் அது. இந்தப் பாக்டீரியா பல அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளாது. செரிக்காத புரதம் குடலில் எஞ்சினால் கொண்டாட்டம்தான். மீன் தூள் மிகுந்த தீவனத்தில் அது பெருகுவது சோதனைகளில் தெரிந்தது. கனடாவில் 1992இல் வெளியான ஆய்வொன்றில், நோய்க்கு ஆளாக்கப்பட்ட கோழிகளில் மக்காச்சோளம் தின்றவற்றைவிடக் கோதுமை தின்றவை அதிகம் மடிந்தன. ஸ்வீடன் பண்ணைகள் தீவனப் புரதத்தைக் குறைத்தன, நாரைக் கூட்டின, நொதி சேர்த்தன, கொட்டகைப் பராமரிப்பையும் திருத்தின. டென்மார்க்கின் கறிக்கோழி வளர்ப்போர் 1998இல் தாமாகவே ஊக்கிகளைக் கைவிட்டனர். தீவன மாற்றுத்திறன் சற்றே குறைந்ததே தவிர உற்பத்தி சரியவில்லை. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது.

ஆனால் ரத்தக்கழிச்சலுக்கு எதிராகத் தரப்படும் நராசின், சாலினோமைசின் போன்றவற்றை அங்கே தீவனத்தில் தொடர்ந்து கலக்கிறார்கள். அவையும் கிளாஸ்டிரிடியத்தை அடக்குபவை. மருந்தில்லாத தீவனம் வெற்றி பெற்றது என்று பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

இந்தியாவில் கறிக்கோழித் தீவனத்தின் அடித்தளம் மக்காச்சோளமும் சோயாவும். மக்காச்சோளத்தில் கரையும் நார் மிகக் குறைவு என்பதால் பார்லி, கோதுமை நாடுகளின் பசைத்தன்மைச் சிக்கல் இங்கே அதே அளவில் இல்லை. செரிக்காமல் எஞ்சும் சோயாப் புரதமும், ராஃபினோஸ் போன்ற அதன் சர்க்கரைகளுமே பாக்டீரியாக்களுக்கு இரையாகின்றன. 2019 ஜூலையில் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குக் கொலிஸ்டின் மருந்தைத் தருவது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கு வேறு மருந்துகள் பலிக்காதபோது கடைசியாகக் கையிலெடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று.