‘முன்விரோதம்’ என்னும் சொல்: சாதியக் குற்றங்களும் செய்தியின் மொழியும்

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் சில சொற்கள் வார்ப்பில் ஊற்றியவை போல மீண்டும் மீண்டும் வருகின்றன. அம்பேத்கர் சிலையைச் சேதப்படுத்துவோர் எப்போதும் ‘மர்ம நபர்கள்’. தலித் குடியிருப்பு தாக்கப்பட்டால் அது ‘இரு தரப்பினரிடையே மோதல்’. தலித் இளைஞர் வெட்டப்பட்டால் காரணம் ‘முன்விரோதம்’ அல்லது ‘காதல் விவகாரம்’. வெட்டியவர் ‘மாற்றுச் சமூகத்தைச் சேர்ந்தவர்’. இச்சொற்களில் எதுவும் அப்பட்டமான பொய் அன்று. யார், யாரை, ஏன் தாக்கினார் என்ற வினாவுக்கு விடை சொல்வது போலத் தோன்றி, அந்த விடையை மறைப்பதே இவற்றின் பணி.

இச்சொற்கள் பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்தே வருகின்றன. குற்றச் செய்தியாளருக்குக் காவல்துறை அன்றாடம் தேவைப்படும் ஆதாரம். தாக்கப்பட்ட குடும்பமோ ஒருமுறை சந்திக்கும் ஆதாரம். முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்ட காரணமே மறுநாள் செய்தியின் காரணமாகிறது. அந்த அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் விடுபட்டிருந்தால், செய்தியிலும் சாதி விடுபடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சியை விடத் தெளிவான சான்று அரிது. 2006 செப்டம்பர் 29 அன்று அச்சிற்றூரில் ஒரு பௌத்த தலித் குடும்பத்தின் தாய், மகள், இரு மகன்கள் என நால்வர் ஊராரால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். தந்தை மட்டும் உயிர் தப்பினார். தொடக்கத்தில் வெளியான சுருக்கமான செய்திகளில் இடம்பெற்ற காரணம் ‘தகாத உறவு’. கொல்லப்பட்ட பெண்ணின் ஒழுக்கத்தின் மீது ஊர் சுமத்திய பழியே செய்தியாயிற்று. நாடு தழுவிய ஆங்கில ஏடுகளில் விரிவான செய்திகள் வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அதையும் சாத்தியமாக்கியது செய்தி நிறுவனங்களின் முனைப்பு அன்று. விதர்பாவின் தலித் அமைப்புகள் நடத்திய உண்மை அறியும் விசாரணைகளும் வீதிப் போராட்டங்களுமே.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில், கான்பூரில் அம்பேத்கர் சிலை சேதப்படுத்தப்பட்டதை அடுத்து மகாராஷ்டிரத்தில் வெடித்த போராட்டத்தின்போது டெக்கான் குயீன் விரைவு இரயிலின் பெட்டிகள் எரிந்தன. அந்தக் காட்சி உடனே நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. நான்கு உயிர்களுக்கு ஒரு மாதம் காத்திருக்க வைத்த ஊடகத்துக்கு, எரியும் இரயில் அன்றே தலைப்புச் செய்தி ஆயிற்று.

‘தகாத உறவு’ என்ற காரணம் பின்னர் வலுவிழந்தது. ஆனால் அதன் இடத்தில் ‘பழிவாங்கல்’ என்ற சொல் வந்து அமர்ந்தது. 2008 செப்டம்பரில் பண்டாரா நீதிமன்றம் அறுவருக்கு மரண தண்டனையும் இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. எனினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு மரண தண்டனைகளை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தபோதும், கொலைக்குக் காரணம் சாதி அன்று, பழிவாங்கும் உணர்ச்சியே என்ற கருத்தை விடவில்லை. எதற்குப் பழி? உறவினர் ஒருவர் தாக்கப்பட்ட வழக்கில் அந்தத் தாயும் மகளும் தாக்கியவர்களை அடையாளம் காட்டினர். கைதானவர்கள் பிணையில் வெளிவந்த நாளிலேயே கொலை நடந்தது. ஆதிக்கச் சாதியினருக்கு எதிராகத் தலித் பெண்கள் சாட்சி சொல்லத் துணிந்ததே பகையாகக் கருதப்பட்டது என்றால், அந்தப் பகையைச் சாதியிலிருந்து எப்படிப் பிரிப்பது?

இந்த வினாவுக்கு நாடாளுமன்றம் ஓரளவு விடை தந்துள்ளது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அவர் பட்டியல் சாதியினர் என்று ‘அறிந்தே’ செய்திருந்தால் போதும் என மாற்றியது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. ஒரே ஊரில் வாழ்வோருக்கிடையே இது பெரிய மாற்றம். ‘முன்விரோதம்’ என்று சொல்லித் தப்பும் வழியைச் சட்டம் பெருமளவு அடைத்துவிட்டது. செய்தியின் மொழியோ 2016க்கு முன்பே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் ஊடகம் குற்றத்தை மறைப்பதோடு நிற்காமல், குற்றத்துக்கான நியாயத்தையும் பரப்பியதற்குத் தருமபுரி எடுத்துக்காட்டு. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றே இதற்குக் காரணம் என்று எழுதப்பட்டபோது, தீ வைத்தவர்கள் வாக்கியத்திலிருந்து மறைந்து, திருமணமே தீ வைத்தது போலாயிற்று. அடுத்த சில மாதங்களில் ‘நாடகக் காதல்’ என்ற சொல்லைச் சாதிக் கட்சி மேடைகள் ஊரெங்கும் கொண்டு சென்றன. தொலைக்காட்சி விவாதங்கள் அச்சொல்லை ஆராய வேண்டிய குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், விவாதத்தின் தலைப்பாகவே வைத்தன. தலைப்பாக வைத்த பிறகு எவ்வளவு மறுத்தாலும், மறுப்பவரே பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிவிடுகிறார்.

2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட தலித் பொறியியல் பட்டதாரி மறுநாள் இரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளியான சாதிச் சங்கத் தலைவர் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். தொலைக்காட்சியில் பேட்டியும் அளித்தார். அக்டோபரில் அவர் சரணடைந்ததே ஒரு கூட்ட நிகழ்ச்சியாக ஒளிபரப்பாயிற்று. காவல்துறை தேடும் ஒருவரைச் செய்தியாளர் சந்திப்பது தொழில்முறையில் தவறு அன்று. தவறு, கொல்லப்பட்டவரின் தாயைக் கண்ணீருக்காக மட்டும் காட்டிவிட்டு, மற்றவருக்குக் கருத்துச் சொல்லும் நேரத்தை அளந்து கொடுத்ததில் இருக்கிறது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

செய்தி அறைகளில் யார் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்திரிகையாளர் பி. என். உனியால், தாம் அறிந்தவரையில் ஒரு தலித் பத்திரிகையாளரும் இல்லை என்று 1996இல் எழுதினார். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு, செய்தி அறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருப்பதையும், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லாததையும் காட்டியது. சாதி அடையாளத்தைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், குறிப்பாக இழிவு சேரும் இடங்களில், என்பது பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறி. இழிவைத் தடுக்க எழுதப்பட்ட இந்நெறி, நடைமுறையில் தாக்கியவரின் சாதியை மறைக்கும் திரையாகவும் பயன்படுகிறது.

மாற்றம் இயலாததன்று. ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்த தமிழ் ஏடுகளில் பல இன்று ‘ஆணவக் கொலை’ என்று எழுதுகின்றன. இயக்கங்கள் பல்லாண்டுகள் வற்புறுத்திப் பெற்றது இது. ஒரு வன்கொடுமைச் செய்தியை எழுதுபவர் கேட்க வேண்டியவையும் சட்டத்திலேயே உள்ளன: முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைப் பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா? துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கிறாரா? 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்றா? நிவாரணத் தொகை குடும்பத்தின் கைக்கு வந்ததா? வழக்கைப் பதிய மறுத்த அரசு ஊழியர்மீது 4ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை உண்டா? முதல் நாள் செய்தியில் இவற்றுக்கு விடை கிடைக்காது. அறுபத்தோராம் நாள் அதே ஊருக்கு மீண்டும் போகும் செய்தியாளருக்கே கிடைக்கும்.