புதிய இயங்குதளம்: மாறுவதா, காத்திருப்பதா?

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் என்றதும் பட்டாசு ஆலைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். பட்டாசுப் பெட்டியின் மேலுறையும், தீப்பெட்டி லேபிளும், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியும் முதலில் உருப்பெறுவது ஒரு கணினித் திரையில்தான். இந்த வட்டாரத்து அச்சகங்களின் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது: கணினியின் இயங்குதளத்தை மாற்றுவதா, வேண்டாமா?

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக் கொண்டது. அதனால் கணினிகள் நின்றுவிடவில்லை. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் வழக்கம்போல் வந்து சேராது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரையும், நிறுவனங்கள் கட்டணம் செலுத்தினால் மூன்று ஆண்டுகள் வரையும் நீட்டிப்புப் பெறலாம்.

இதை வெறும் வணிக உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' தீநிரல், கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைத்தொகை கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவும் அதனால் நிலைகுலைந்தன. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. திருத்தமே வராத கணினியின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அதற்காக உடனே மாறிவிடுவதும் எளிதன்று. 2021-இல் வெளியான விண்டோஸ் 11, 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு அண்மைக்கால செயலியையும் கேட்கிறது. நன்றாக இயங்கும் பழைய கணினிகள் பல இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. மேலும், அதற்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் இயக்கிகளை மட்டுமே கொண்ட பழைய அச்சுப்பொறியும் வருடியும் அதில் இயங்கமாட்டா. ஒரு மென்பொருளை மாற்றப்போய் இயந்திரங்களையே மாற்ற நேரிடலாம்.

தமிழ் அச்சகங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு வெளியானது 2001-இல். அதற்கு ஒருங்குறி தெரியாது. அதில் பயன்பட்ட பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. இருந்தும், பல்லாண்டு உழைப்பில் உருவான பஞ்சாங்கப் பக்கங்களும் மலர்களும் நூல்களும் இன்னமும் அந்தப் பழைய குறியீடுகளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன.

எனவே, எல்லாக் கணினிக்கும் ஒரே விடை பொருந்தாது. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கையாளும் கணினி இணையத்திலேயே வாழ்கிறது. அதை ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பழைய கோப்புகளைத் திறப்பதற்கென்றே உள்ள கணினியை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைய இணைப்பை அறவே துண்டித்துவிட வேண்டும். அதில் செருகும் பென் டிரைவையும் முன்னதாகச் சோதிக்க வேண்டும்.

புதிய கணினி வாங்க இயலாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளத்தைத் தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது தமிழக அரசு. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. கணக்கு, கடிதம், இணைய வேலைகளுக்கு அது போதும். அச்சு வடிவமைப்புக்கு மட்டும் சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எப்போது மாறுவது என்பதும் முக்கியம். ஆடிப்பெருக்கில் நாட்காட்டி ஆல்பங்கள் வெளியானதும் சிவகாசி அச்சகங்களுக்கு ஓய்வு இராது. பொங்கலுக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட காலமே ஏற்றது. முதலில் எல்லாக் கோப்புகளையும் தனி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, ஒரே ஒரு கணினியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸ் 11-க்கு மாறிய 10 நாள்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் உண்டு. அந்த நாள்களில் எல்லா மென்பொருளையும் கருவியையும் இயக்கிச் சரிபார்த்துவிட வேண்டும்.

இயங்குதளம் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் நம் கோப்புகளைக் காப்பாற்றப் போராடாமல் இருக்க ஒரே வழி, அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவருவதுதான். கணினியை விலைக்கு வாங்கிவிடலாம். திறக்க முடியாமல் போன தமிழ்ப் பக்கங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.