சொத்தை இல்லாத பல் ஏன் விழுந்தது?



சென்ற மாத ஒலிபரப்பு முடிந்து படியிறங்கியபோது பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்கு எழுபது வயசாச்சு. வாயில ஒரு சொத்தை கிடையாது. எல்லாம் வெத்தலையோட புண்ணியம்!" என்று சிரித்தார். சிரித்த வாயின் கீழ்வரிசையில் இரண்டே பற்கள்தான் இருந்தன.

எனக்கு என் அப்பத்தா நினைவு வந்தது. அவருக்கும் சொத்தை கிடையாது. ஆனால் அறுபதைத் தொடுமுன்பே பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு சிறிய இரும்பு உரலில் வெற்றிலை பாக்கை இடித்துத்தான் போட்டுக்கொள்வார். சொத்தையில்லாத பல் ஏன் விழுந்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. வயதானால் விழும் என்று இருந்துவிட்டோம்.

வெற்றிலை நமக்கும் பர்மியருக்கும் பொதுவான சொத்து. சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு தருகிறாள். இங்கே விருந்தினர் முன் அரக்குப் பூச்சுள்ள வெற்றிலைப் பெட்டியை வைப்பது பழைய மரியாதை. ஒரு 'குன்யா' மென்று முடிக்கும் நேரம், சுமார் பத்து நிமிடம், அந்தக் காலத்தில் ஒரு கால அளவாகவே இருந்தது. எதிர்பாராத அதிர்ஷ்டம் வந்தால், வெற்றிலைப் பிரியனுக்கு பாக்குத் தோப்புகள் நிறைந்த டவுங்கூவுக்குப் போக வாய்த்ததுபோல என்பார்கள்.

அப்பத்தாவின் பல்லுக்கு வருவோம். பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்கில் உயிர்கள் நெளிவதை ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1683-இல் எழுதிவைத்தார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று 1890-இல் மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விளக்கினார். சொத்தையின் கதை இது. ஈறு நோய் வேறு கதை. பல்லும் ஈறும் சேருமிடத்தில் அழுக்கு தங்கினால் அங்கே வேறு வகைக் கிருமிகள் பெருகுகின்றன. ஈறு வீங்கும், இரத்தம் கசியும். பிறகு பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் முழுசாக இருக்கும், ஆனால் நிற்காது.

இதற்குச் சாட்சி நம் இனத்தவரே. நம் முன்னோர் ரங்கூனுக்குக் கப்பலேறிய அதே காலத்தில் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நார்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1970-இல் அங்கே இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள் அவர்கள். 1985 வரை தொடர்ந்து பார்த்தார்கள். சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. 8 சதவீதத்தினருக்கு நோய் விரைவாகவும், 81 சதவீதத்தினருக்கு மெதுவாகவும் முற்றியது. 11 சதவீதத்தினருக்கு மட்டும் வீக்கத்தோடு நின்றது. "எங்க தாத்தா கடைசிவரை வெத்தலை போட்டார், பல்லோடதான் போனார்" என்பவர்களின் தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம்.

வெற்றிலை போடுவோரிடம் சொத்தை குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர்கள் பல்லில் காரை அதிகம் படிகிறது. சொரசொரப்பான காரையில் கிருமிகள் நன்றாகக் குடியேறும். பாக்கிலுள்ள அரெகோலின் ஈற்றுத் திசுவையும் கெடுக்கிறது. புகையிலை சேர்ந்தால் கேடு இன்னும் கூடும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது.

சாப்பாட்டுக்கும் ஈறுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? 2009-இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில் பத்துப் பேர் நான்கு வாரம் கற்கால மனிதர்போல, தீட்டிய சர்க்கரை இல்லாத உணவு உண்டார்கள், பல்லும் துலக்கவில்லை. அழுக்கு கூடியது, ஆனால் ஈற்றில் இரத்தக் கசிவு குறைந்தது. பத்துப் பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு கணக்கில் வரவு இருக்கிறது என்பதற்காக இன்னொரு கணக்கின் நஷ்டம் தீர்ந்துவிடாது. அப்பத்தாவுக்கு நஷ்டம் ஒரு கணக்கில்தான். இன்று யாங்கோன் டீக்கடையில் கெட்டிப்பால் கலந்த இனிப்பு டீயைக் குடித்துவிட்டு, வெளியே வந்ததும் குன்யாவை அடக்கிக்கொள்ளும் இளைஞனுக்கு இரண்டு கணக்கிலும் நஷ்டம்.

1965-இல் லோ வெளியிட்ட இன்னோர் ஆய்வு ஆறுதல் தருகிறது. பல் துலக்குவதை நிறுத்திய பன்னிரண்டு பேருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. எலும்பு கரைந்தால் திரும்பாது, ஆரம்ப வீக்கம் திரும்பும். நாளைக் காலை துலக்கும்போது இரத்தம் தெரிந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அந்தப் பெரியவரிடம் அன்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பேரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் இதைக் கேட்டிருப்பான் என்று நம்புகிறேன்.